நாக்கு அளந்த குழாய்

சீமெந்து பூசி ஈரம் காயாத தொட்டிக்குள் இறங்கி நின்று பஸ்ரியாம்பிள்ளை கரித்துண்டால் சுவரில் கோடு கீறிக்கொண்டிருந்தார். தண்ணீர் வரும் குழாய் இது, அழுக்குத் தண்ணீர் போகும் குழாய் இது, மூலையில் மணல் நிரப்பிய பீப்பா. தொட்டித் தண்ணீரை மிசின் இழுத்து, பீப்பா மணலுக்குள்ளால் வடித்து, திரும்பத் தொட்டிக்கே விடும். ஒருதரம் நிரப்பினால் மாதக்கணக்கில் மாற்ற வேண்டாம். பத்து வருடம் கப்பல்களின் இயந்திர அறையில் வெந்து, பிறகு ஊர்காவற்றுறைச் சந்தையடியில் பட்டறை போட்டு, தீவு முழுக்க இறைப்பு மிசின் பூட்டிய மனிதர் அவர். ஆனால் நீச்சல் தொட்டி ஒன்றுக்குக் குழாய் போடுவது இதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை அவருடைய முகத்தில் கரியோடு கரியாக அப்பிக்கிடந்தது.

கரம்பொன் ஊரில் அறுபத்திரண்டாம் ஆண்டு இந்தத் தொட்டியைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. சுற்றிவரக் கடல் கிடக்கிறது, ஐயாத்துரைக்கு அது போதாதாம் என்று சிரித்தார்கள். மலாயாவில் ரெயில்வே உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்த ஐயாத்துரை அதைக் கேட்டபடியே சீமெந்து மூட்டை இறக்குவித்தார். அவருடைய மகள் மனோகரிக்கு இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சோர்ந்துபோய் இரண்டு வருடம். தினமும் தண்ணீருக்குள் இறக்கிக் காலை அசைக்கப் பழக்கினால் பலன் கிடைக்கலாம் என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார். கரையோரம் முழங்காலளவு கடல், அடியெல்லாம் கல்லும் பாசியும். பதினேழு வயதுப் பெண்ணை அங்கே தூக்கிக்கொண்டு போனால் வேடிக்கை பார்க்க ஊர் கூடிவிடும். அதனால்தான் தொட்டி.

கடல் தண்ணீர் குழாயையும் மிசினையும் அரித்துவிடும் என்பதால் தொட்டிக்குத் தண்ணீர் பங்குக் கிணற்றிலிருந்து வரவேண்டும். ஐந்து வீடுகளுக்குச் சொந்தமான கிணறு அது. வீட்டுக்கு ஒரு நாள் என்று இறைப்பு முறை. ஐயாத்துரையின் முறையில் இரண்டு அங்குலக் குழாய் மிசினைப் பூட்டினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தொட்டி நிறைந்துவிடும் என்று பஸ்ரியாம்பிள்ளை கணக்குச் சொன்னார். மற்றப் பங்காளிகளில் மூவர் தலையாட்டினார்கள். ஐந்தாவது பங்கு நாகபூசணியுடையது. கணவன் இறந்தபின் பத்துப் பரப்புத் தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்க்கும் மனுசி. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற ஆளில்லை. அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"மிசின் ஓடேக்கை நான் கிணத்தடியிலை இருப்பன். நான் நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டோணும்."

"அதுக்கென்ன தங்கச்சி, வந்து இருங்கோவன்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. மிசின் சத்தத்துக்குப் பயந்தவள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு மிசின் பிடித்தது. குழாய் வாயால் தண்ணீர் பாய்ந்து தொட்டியின் தரையில் அடிக்க, கதிரையில் இருந்த மனோகரி கைதட்டினாள். நாகபூசணி கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு மிசின் இழுக்கும் தண்ணீரில் அடிக்கடி ஒரு மிடறு வாயில் விட்டு, கண்ணை மூடி, துப்பிக்கொண்டிருந்தாள். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. தண்ணி மாறுது."

பஸ்ரியாம்பிள்ளை அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். இன்னொருமுறையும் குடித்தார். பொய்க்குச் சொல்லவில்லை, அவருக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. "நல்ல தண்ணி தங்கச்சி. மனப்பிராந்தி" என்றார். நாகபூசணிக்குக் கொடுத்த வாக்கை நினைத்து ஐயாத்துரை தயங்கினார். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்தவர் மிசினை நிறுத்தச் சொல்லவில்லை. மிசின் இன்னும் கால் மணித்தியாலம் ஓடியது. அதற்குப் பிறகு ஐயாத்துரை தாமே ஒரு வாய் குடித்தார். குடித்ததை அப்படியே துப்பினார்.

உப்பு.

தீவின் கிணறுகள் எல்லாம் அப்படித்தான். மழை தந்த நன்னீர் மேலே மெல்லிதாகக் கிடக்கும், அதற்குக் கீழே கடல். மேலேயுள்ளதை அவசரப்பட்டு இழுத்தால் கீழே கிடப்பது எழும்பி வரும். சில கிணறுகளில் வந்தது திரும்பிப் போனதேயில்லை. இது பஸ்ரியாம்பிள்ளைக்குத் தெரியாத சங்கதியா? தெரியும். தன் நாக்குச் சொல்லும் என்று நம்பினார். அந்த நாக்கு கைவிட்டுவிட்டது.

அன்றிலிருந்து ஐந்து வீட்டுப் பெண்களும் ஒரு மைலுக்கு அப்பாலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். யாரும் பஸ்ரியாம்பிள்ளையை ஏசவில்லை, அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பட்டறையைத் திறக்காமல் விடியவிடியக் கிணற்றடிக்கு வந்து நின்றார். கிணற்றைத் தொடவே கூடாது, தானாக அடங்கட்டும் என்று நாகபூசணி சொல்லியிருந்தாள். அவள் மட்டும் காலையில் சிரட்டையால் மேல்தண்ணீரை மெல்ல மொண்டு வாயில் விடுவாள். அவளுடைய முகத்தையே அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். "இன்னும் கிடக்கு" என்பாள். அடுத்த நாளும் அதே சொல். ஐந்தாம் நாள், "கொஞ்சம் குறைஞ்சிருக்கு." எத்தனையோ மிசின்களின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொன்னவர் அவர். ஆனால் இந்த மனுசியின் நாக்குக்கு முன்னால் அவருடைய காது என்ன காது! நேற்றைய உப்பையும் இன்றைய உப்பையும் பிரித்துச் சொல்கிறாளே என்று மலைத்துப்போனார்.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வாயில் விட்ட தண்ணீரைத் துப்பவில்லை, விழுங்கினாள். "வந்திட்டுது அண்ணை" என்றாள். பஸ்ரியாம்பிள்ளை கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஐம்பத்தைந்து வயதில் அழுவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

அவள் வீட்டுக்குப் போய் ஒரு போத்தலை எடுத்துவந்தாள். உப்பு ஏறிய அன்று பிடித்து வைத்த தண்ணீர்.

"உங்கட வீட்டிலை எந்தக் கிணத்துத் தண்ணி குடிக்கிறனீங்கள்?"

"எங்கட வளவுக் கிணறுதான். கரையோடை. பிறந்ததிலையிருந்து அதுதான்."

"அதுதானே பாத்தனான்" என்றாள். குரலில் குத்தல் இல்லை. "முதல்லை இந்தக் கிணத்துத் தண்ணியாலை மூண்டுதரம் வாயைக் கொப்பளியுங்கோ. பிறகு அதையே குடியுங்கோ. அதுக்குப் பிறகு இந்தப் போத்தல் தண்ணி."

சொன்னபடி செய்தார். போத்தல் தண்ணீர் நாக்கில் பட்டதும் ஓரமாக ஏதோ ஒன்று கரித்தது. திரும்பக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். கரிப்பு இல்லை. மறுபடி போத்தல். இருந்தது! ஐம்பத்தைந்து வருடமாக மூடியிருந்த கதவொன்றை யாரோ தள்ளித் திறந்ததுபோல் இருந்தது அவருக்கு.

அன்றே திட்டம் மாறியது. இரண்டு அங்குல மிசின் பட்டறைக்குத் திரும்பிப் போக, முக்கால் அங்குலச் சின்ன மிசின் வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் கிணற்றுக்குள். உறிஞ்சும் குழாயை அடிவரை விடாமல், மேல்தண்ணீருக்குள் எவ்வளவு இறக்கலாம் என்று நாகபூசணியையே கேட்டார். அவள் குடித்துக் குடித்துப் பார்த்து, இரண்டு சாண் என்றாள். அந்த அளவில் குழாயை அறுத்தார். தண்ணீர் இரண்டு சாண் இறங்கினால் மிசின் வெறுங்காற்றை இழுத்துக் கத்தும், அதற்குமேல் ஒரு சொட்டும் ஏறாது. இனி எவர் ஆசைப்பட்டாலும், எவர் அவசரப்பட்டாலும் கிணற்றின் அடித்தண்ணீரைத் தொட முடியாது.

"இப்பிடி இறைச்சால் தொட்டி நிறைய ரெண்டு மாதம் செல்லுமே!" என்று ஐயாத்துரை தலையில் கைவைத்தார்.

"ரெண்டு வருசம் இருந்திட்டன் ஐயா. ரெண்டு மாதம் இருக்கேலாதே?" என்றாள் மனோகரி.

நாகபூசணி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "என்ர முறையையும் எடுங்கோ. தோட்டத்துக்கு நான் பனையோலைப் பட்டையாலை அள்ளி ஊத்துவன்." சொல்லிவிட்டு, எவரும் நன்றி சொல்வதற்குள் படலையைத் தாண்டிப் போய்விட்டாள். தன் கிணற்றைக் கெடுக்கப் பார்த்த தொட்டிக்குத் தன் தண்ணீரையே கொடுத்துவிட்டுப் போகிறவளைப் பஸ்ரியாம்பிள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மனிதப் பிறவியில் இப்படியும் உண்டா என்று நினைத்தார்.

மத்தியானம் வீட்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போனபோது நல்ல வெயில். மனைவி மேரிஜோசப்பின் அவரைக் கண்டதும் குசினிக்குள் போய்க் குடமும் செம்புமாகத் தண்ணீர் கொண்டுவந்தாள். முப்பது வருடமாக அவர் படியேறும்போதெல்லாம் அவள் கொண்டுவருகிற தண்ணீர். பானைக்கு அடியில் ஈர மணல் பரப்பி, துணியால் இரண்டுதரம் வடித்துக் குளிரவைக்கிற தண்ணீர்.

ஒரு மிடறு விட்டார். நின்றுபோனார்.

நாக்கின் ஓரத்தில் கரித்தது. போத்தல் தண்ணீரைவிடக் கூடுதலாகவே கரித்தது.

"என்ன, பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?" அவள் செம்பை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு நிறைவாகச் சிரித்தாள். "நல்ல தண்ணிதானே. விடியத்தான் அள்ளினனான்."

"ஓம்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "நல்ல தண்ணி."

செம்பைத் திரும்ப வாங்கி அண்ணாந்தார். கடைசிச் சொட்டு இறங்கும்வரைக்கும் அவருடைய தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வார்க்கத் தயாராகக் குடத்தை இடுப்பில் சாய்த்தபடி அவள் நின்றாள்.