இறங்காத பந்து

டார்லா கெசிங்கர் கடைசி நொடியில் எறிந்த பந்து, பதினோரு ஆண்டுகளாகக் கூடைக்கு மூன்று அடி மேலே நிற்கிறது. அது பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதிப்போட்டி; அவள் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. நடுவர்கள் நாற்பது நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, முடிவு நிலுவையில் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். அரங்கத்தார் அந்தக் கூடையை அப்படியே விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி வேறு ஆடுதளம் போட்டுக்கொண்டார்கள். ஆண்டுக்கொருமுறை காவலாளி ஏணி வைத்து ஏறிப் பந்தின் தூசியைத் துடைத்து, உயரத்தை அளந்து குறித்துக்கொள்வார்.

பந்து இறங்காத காரணம் அவள் அப்பா லோவலுக்குத் தெரியும். இண்டியானாவில் அவர்கள் ஊரில், மார்ச் பிறந்தால் இந்தப் போட்டித் தொடரின் அறுபத்து நான்கு அணிகளில் யார் யாரை வெல்வார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, முடிதிருத்தும் க்ளைடின் கடைக் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிவிட வேண்டும். பேனாவால்தான் எழுத வேண்டும். ஒட்டியபின் திருத்தக் கூடாது. லோவல் தானியக் கிடங்கில் சோளத்தின் ஈரப்பதம் பார்ப்பவர். வேண்டியவருக்காக ஒரு புள்ளிகூடக் குறைத்து எழுதியதில்லை. மகளின் அணி தரவரிசையில் கடைசி. முதல் சுற்றிலேயே தோற்கும் என்று எழுதினார்.

“ஏன்யா லோவல், பெத்த பொண்ணை மொத நாளே வீட்டுக்கு அனுப்பிட்டியே! மனசுக்காகவாவது ஒரு பொய் எழுதக் கூடாதா?” என்று க்ளைட் சிரித்தார்.

யாரோ அந்தத் தாளைப் படமெடுத்து டார்லாவுக்கு அனுப்பினார்கள். அவள் வரிசையாக ஐந்து ஆட்டங்களை வென்றாள். ஆறாவதான இறுதிப்போட்டியில் அந்தப் பந்து அவள் கையை விட்டுக் கிளம்பியபோது, பார்வையாளர் வரிசையில் லோவல் கண்ணை மூடிக்கொண்டு, ‘உள்ளே போகாது’ என்று நினைத்தார். பழக்கம்தான்.

அதன்பின் டார்லா கிறிஸ்துமஸுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தாள். பேச்சு பனிப்பொழிவைத் தாண்டாது. லோவல் ஆண்டுதோறும் க்ளைடின் கண்ணாடியில் வெற்றுத் தாளை ஒட்டினார். மார்ச்சில் அரங்கத்துக்குப் போய்ப் பந்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டு வந்தார்.

இந்த ஆண்டு டார்லா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இருவரும் பந்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஏன்ப்பா அப்படி எழுதினீங்க?”

“தோத்தா நீ தாங்கமாட்டேன்னு... இல்லம்மா. நான்தான் தாங்கியிருக்கமாட்டேன். அதான் முன்னாடியே தோத்து வெச்சேன்.”

“இப்ப சொல்லுங்க. உள்ள போகுமா?”

“போகும்.”

“பதினோரு வருஷம் லேட்டு,” என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

அன்று மாலை காவலாளி ஏணி போட்டு அளந்தார். முதல்முறையாக அரை அங்குலம் இறங்கியிருந்தது. ஆண்டுக்கு இப்படி இறங்கினால், கூடையைத் தொட இன்னும் எழுபத்தோரு ஆண்டு ஆகும் என்றார். அப்பாவும் மகளும் அடுத்த மார்ச்சுக்கு அதே இரண்டு இருக்கைகளைச் சொல்லிவைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.