நான் பிடிக்காத சிகரெட்

சில வருஷங்களுக்கு முன்னால் என் மூளையை மூடியிருக்கும் உறையிலிருந்து எலுமிச்சை அளவில் ஒரு கட்டியை எடுத்தார்கள். "சாதுவான கட்டி, மறந்துடுங்க" என்றார் டாக்டர். நானும் மறந்துவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது இருமலுக்காக எடுத்த ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக ஏதோ இருக்கிறதாம். படத்தைப் பார்த்ததுமே என் மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"அத்தான் திருட்டு தம் அடிக்கிறாரு. வேறென்ன?"

சொன்னவன் தினம் இரண்டு பாக்கெட் ஊதுகிறவன். சாத்தான் வேதம் ஓதுகிற கதைதான். ஆனால் என் மனைவிக்குத் தம்பி சொன்னால் தெய்வ வாக்கு. என் சட்டைகளை முகர்ந்து பார்த்தாள். வேன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் என் மூக்குக்கு நேரேதான் புகை விடுவார்கள். சட்டை நாறத்தானே செய்யும்?

"இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்றாள். அதன்பிறகு சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் என்னோடு பேசியது, ணங்கென்று.

எனக்குச் சாவைவிட அதுதான் உறுத்தியது. வாழ்க்கையில் நான் செய்யாத ஒரே தப்பு அது. செய்ததற்கெல்லாம் மாட்டாமல் இதற்குப் போய் மாட்டிக்கொண்டேன்.

நுரையீரலில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்க மூவரும் போனோம். டாக்டர் முகத்தில் கல்யாணக் களை.

"இது நுரையீரல் புற்று இல்ல. அன்னிக்கு மூளை உறையில எடுத்தோமே, அதே கட்டிதான் இங்க பரவியிருக்கு. ரொம்ப அபூர்வம். நான் படிச்சதோட சரி."

என்னை வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு டாக்டர்களை வேறு கூப்பிட்டார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். என்னுடையது மண்டை கொள்ளாமல் நெஞ்சுக்கு இறங்கியிருக்கிறது.

மச்சானைப் பார்த்தேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"சிகரெட்டால வரலன்னு இவகிட்ட ஒரு வாட்டி சொல்லுங்க, டாக்டர்."

"சிகரெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ மருந்து?" என்று டாக்டரைக் கேட்டாள்.

அவர் பேனாவை மூடினார். "சிகரெட்டால வர்றதுன்னா மருந்து நிறைய இருக்கு. இது உலகத்துலயே கொஞ்சம் பேருக்குத்தான் வந்திருக்கு. இதுக்குன்னு உறுதியான மருந்து இன்னும் இல்ல. ஏதாவது குடுத்துப் பார்க்கலாம்."

வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். அழுதாள். பல நாள் கழித்து என்னிடம் அவள் பேசியது இதுதான்:

"ஊரே பிடிக்குது. நீங்களும் பிடிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"