நோரா கேட்ட சிவப்பு

பெங்களூரில் குடியிருக்கிற எவரும் சிக்னலில் சிவப்பு விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. நோரா வேண்டிக்கொண்டாள். பொம்மனஹள்ளியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வேனுக்குள், புருஷன் ஓஸ்வால்டின் சவப்பெட்டிமேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் ஜெபமாலையோடு மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

மாதா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பொம்மனஹள்ளி சிக்னல் பச்சை. சில்க் போர்டும் பச்சை. சில்க் போர்டில் நிற்காமல் போவது என்றால் என்னவென்று அங்கே தினமும் நின்று கால் மரத்துப்போனவர்களைக் கேட்டால்தான் தெரியும். கல்யாண ஊர்வலம் போனாலும் மந்திரி வந்தாலும் அங்கே ஒரு கால்மணி நேரம் காணிக்கை வைக்காமல் நகர முடியாது. அந்த இடத்தையே வேன் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி கடந்து போயிற்று.

எதிர்ப்பலகையில் உட்கார்ந்திருந்த மகன் டேரில் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான். நாலு மணிக்கு அடக்கம். நாலரைக்கு ஃபாதர் வேறு ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். டேரிலின் மற்றொரு கையில் செல்போன். அதில் அவன் தங்கை ஜூலியா மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் வேலையில் லீவு கிடைத்து டிக்கெட் கிடைப்பதற்குள் அப்பாவின் அடக்கமே வந்துவிட்டது.

"பாத்தியா மம்மி, எல்லா சிக்னலும் கிளியர். டாடிக்கு எவ்ளோ நல்ல மனசு" என்றான் டேரில்.

நோராவுக்கு வந்த கோபத்தில் ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோயிற்று.

அவளுக்கு ஏன் சிவப்பு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓஸ்வால்ட் ஓசூர் ரோட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இரும்புத் தகட்டை நசுக்குகிற மெஷின்களுக்கு நடுவே முப்பது வருஷம் நின்றதில் வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காது பாதி. வீட்டிலோ எப்போதும் நாலு பேர் சத்தம், அதற்கு மேலே டிவி சத்தம். அங்கே அவர் வாயைத் திறப்பது சாப்பிடுவதற்கு மட்டும்தான். ஸ்கூட்டர் ஓடும்போது பின்னாலிருந்து நோரா என்ன கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

ஆனால் சிக்னலில் சிவப்பு விழுந்தால் ஓஸ்வால்ட் இன்ஜினை அணைத்துவிடுவார். கேட்டால் பெட்ரோல் மிச்சம் என்பார். அப்புறம் லேசாகத் தலையைத் திருப்பி இடது காதை அவள் பக்கம் கொடுப்பார். அந்த ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம்தான் அவர்களுடைய குடித்தனம். அவளைக் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் இறக்கிவிடப் போகும்போதும் கூட்டி வரும்போதும் அவர்கள் பேசித் தீர்த்தது கொஞ்சநஞ்சமல்ல. டேரிலுக்குப் பெயர் வைத்தது ஆடுகோடி சிக்னலில். ஜூலியாவை நர்சிங் படிக்க அனுப்புவதென்று முடிவானது மடிவாளாவில். சண்டையும் அங்கேதான். பச்சை விழுந்துவிட்டால் கிக்கரை உதைத்துக்கொண்டே, "மீதி அடுத்த சிக்னல்ல" என்பார். சில சண்டைகள் நாலு சிக்னல் தாங்கும். ஐந்தாவது வருவதற்குள் எதற்காக ஆரம்பித்தோம் என்பதே இருவருக்கும் மறந்திருக்கும்.

பிள்ளைகள் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்த காலத்திலும் சட்டம் ஒன்றுதான். வண்டி ஓடும்போது எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், பாடலாம். சிக்னலில் வாய் திறக்கக் கூடாது.

போன சனிக்கிழமை சாயங்காலம் மடிவாளா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிவப்பு விழுந்தது. ஓஸ்வால்ட் இன்ஜினை அணைத்தார். தலையைத் திருப்பினார். "நோரா, அன்னிக்கு நீ ஏன் என் வண்டியில ஏறுன?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்றால் முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், பஸ் ஸ்டிரைக் நடந்த ஒரு நாள். டிபன் பையோடு சிக்னல் ஓரமாக நின்றிருந்த நோராவிடம், முன்பின் தெரியாத ஓஸ்வால்ட், தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆடுகோடி பக்கந்தான் போறேன், வர்றீங்களா?" என்றார். ஆண்பிள்ளைகளிடம் மணி கேட்கக்கூடக் கூச்சப்படுகிற நோரா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருஷம் கல்யாணம். அவள் ஏன் ஏறினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சனிக்கிழமை கேட்டார்.

ஐம்பத்தாறு வயதில் நோராவுக்கு முகம் சூடாகிவிட்டது. பதில் வாய்வரைக்கும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அதற்குள் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்கள் இறங்கிப் பச்சை விழ, பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். இந்தத் தடவை அவள் முந்திக்கொண்டாள்: "மீதி அடுத்த சிக்னல்ல."

அடுத்த சிக்னல் பச்சையாக இருந்தது. அப்புறம் வீடு வந்துவிட்டது. வீட்டில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அது சிக்னலில் சொல்லவேண்டிய பேச்சு, நாளைக்குப் பூசைக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள் காப்பியோடு போய் எழுப்பியபோது ஓஸ்வால்ட் எழுந்திருக்கவில்லை.

அப்போதிலிருந்து வீடு நிறைய ஜனம். கோயிலில் பாட்டு. இந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வேன் கதவைச் சாத்தியபோதுதான் நோராவுக்கு மூச்சே வந்தது. வழியில் ஐந்து சிக்னல், எல்லாம் அவர்கள் நின்ற சிக்னல். ஒன்றில் சொல்லிவிட்டால் போதும். ஓடுகிற வண்டியில் சொன்னால் அவருக்குக் கேட்காது. இறந்துபோனவருக்கு நின்ற வண்டியில் மட்டும் கேட்குமா என்று கேட்கிற ஆளுக்கு நான் பதில் சொல்வதாக இல்லை.

மடிவாளா வந்தது. டிரைவருக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக நோரா எட்டிப் பார்த்தாள். தூரத்தில் சிவப்பு! எண்பத்து நாலு விநாடி! அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். வேன் நெருங்கியது. எண்பதாக இருந்த எண் பட்டென்று அணைந்து பச்சை வந்துவிட்டது.

டேரிலின் போனில் இன்னொரு அழைப்பு குறுக்கிட்டது. பின்னால் டெம்போவில் சொந்தக்காரர்களோடு வந்துகொண்டிருந்த டோரீன் சித்தி. "டேய், உங்கப்பாவ தூக்கிக்கிட்டு எங்கடா ஓடுறீங்க? நாங்க இன்னும் சில்க் போர்டே தாண்டல!" என்று அவள் கத்தியது வேன் முழுக்கக் கேட்டது.

ஆடுகோடியும் பச்சையாகவே போயிற்று. நோராவின் கண் கலங்கிவிட்டது. எங்கே போகிறோம் என்று பார்க்கவேண்டும் என்றாள் ஜூலியா. டேரில் போனைக் கண்ணாடி ஜன்னலோரம் பிடித்து ரோட்டைக் காட்டினான்.

"அது என்னடா, முன்கண்ணாடியில ஊதாவா என்னமோ மினுக்குது?" என்றாள் ஜூலியா.

"எங்க? ஒண்ணுமில்லியே."

"இருக்குடா! போன்ல பாரு!"

டேரில் பார்த்தான். நோராவும் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. போன் திரையில் மட்டும், டிரைவர் முன்னால் வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து ஊதா வெளிச்சம் படபடவென்று துடித்து முன்கண்ணாடியில் தெறித்துக்கொண்டிருந்தது.

நோரா ஜன்னலைத் தட்டினாள். டிரைவர் தாஸ், கோலார் தங்கவயல்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வேகத்தைக் குறைத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

"அது என்னப்பா அந்த டப்பா?"

தாஸ் சொன்னார். "மறைக்க மாட்டேம்மா. இது ஆம்புலன்ஸா ஓடுன காடி. அப்பவும் நான்தான் டிரைவர். ஆஸ்பத்திரில ட்ரையல்னு சொல்லி இத மாட்னாங்க. டிவி ரிமோட்டு மாதிரிதான், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், போன் கேமராவுலதான் தெரியும். சிக்னல் கம்பத்துமேல இத பாக்கறதுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்காங்க. பாத்துச்சின்னா பச்ச குடுத்துடும். காடிய வித்தப்ப சைரன கழட்னாங்க, ஸ்ட்ரெச்சர கழட்னாங்க. இத மறந்துட்டாங்க."

"இது தப்பில்லியா?" என்றான் டேரில். நாலு சிக்னலாக அனுபவித்துவிட்டு இப்போதுதான் அவனுக்கு நியாயம் ஞாபகம் வந்தது.

"தப்புதான் சார். ஒரு ஏப்ரல் மாசம் சில்க் போர்டுல ரெண்டு மணிநேரம் மாட்டிக்கிட்டோம். உள்ள ஒரு அம்மா, புருஷன் பாடிய வெச்சிக்கிட்டு அழுது அழுது மயக்கம் போட்டுட்டாங்க. அன்னிலேர்ந்து யாருக்கும் அப்டி ஆவக்கூடாதுன்னு போட்டுடறேன். வேற என்ன என்னால செய்ய முடியும், சொல்லுங்க."

நோராவின் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனுஷன் இவ்வளவு நேரமும் தனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஓட்டியிருக்கிறார்.

"நல்ல மனசுப்பா உனக்கு. ஆனா இப்ப அத ஆஃப் பண்ணு" என்றாள். "எனக்கு ஒரு செவப்பு வேணும்."

தாஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "இத்தன வருஷ சர்வீஸ்ல யாரும் செவப்பு கேட்டதில்லம்மா."

"மம்மி, ஃபாதர் வெயிட் பண்ணுவாரு" என்றான் டேரில்.

"உங்கப்பாவும்தான் வெயிட் பண்றாரு. சனிக்கிழமைலேர்ந்து."

தாஸ் கையை நீட்டிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

இனி இருந்தது ஒரே ஒரு சிக்னல். அது பச்சையாக இருந்தது. அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வேலையே இல்லாமல், தன் முறைக்கு வந்த சொந்தப் பச்சை. பதினாலு விநாடி பாக்கி. நோரா கண்ணை மூடிக்கொண்டாள்.

தாஸ் பிரேக்கை மிதித்தார். பச்சையைப் பார்த்து மெதுவாகப் போகிற வண்டியைப் பெங்களூர் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் பஸ் அலறியது. பைக்கில் போன ஒருத்தன் பக்கத்தில் வந்து எதையோ கன்னடத்தில் திட்ட ஆரம்பித்து, உள்ளே பெட்டியைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான். ஐந்து. நாலு. தாஸ் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தியே விட்டார். சிவப்பு விழுந்தது. நூற்றிருபது.

"இன்ஜினயும் ஆஃப் பண்ணுப்பா" என்றாள் நோரா.

தாஸ் சாவியைத் திருப்பினார். வண்டியின் நடுக்கம் நின்றது.

"என்னாச்சு? ஏன் நின்னுடுச்சு?" என்றாள் ஜூலியா போனில்.

டேரில் அம்மாவைப் பார்த்தான். அவள் எழுந்து, பெட்டியைச் சுற்றி, அப்பாவின் இடது காதுப் பக்கமாக வந்து முழங்காலிட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சிக்னல், ஜூலி" என்றான்.

மஸ்கட்டில் ஜூலியா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

பெட்டிக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை. யாரும் சொல்லாமலே டேரில் மூடியை ஒரு சாண் நகர்த்திக் கொடுத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"என்னங்க" என்றாள் நோரா. "ஏன் ஏறுனேன்னு கேட்டீங்கல்ல. அன்னிக்கு அந்த சிக்னல்ல எத்தன வண்டி நின்னுச்சு! எல்லாம் உறுமிக்கிட்டு, எப்ப விடுவான், எப்ப விடுவான்னு. நீங்க ஒருத்தர்தான் இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு கையையும் தொடமேல வெச்சிக்கிட்டு சும்மா நின்னீங்க. எங்க வீட்ல எங்கப்பாலேர்ந்து எல்லாருக்கும் எல்லாத்துக்கும் அவசரம். அவசரமே இல்லாத ஆம்பள ஒருத்தர் இருக்காரேன்னு ஏறுனேன். அவ்ளோதான்."

அவர் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழை எடுத்துப் போட்டாள்.

"கடசி வரைக்கும் அப்படியேதான் இருந்தீங்க. இப்ப மட்டும் ஏங்க இவ்ளோ அவசரப்பட்டுட்டீங்க?"

இரண்டு நாளாக ஊர் முழுக்க அழுதபோதும் அழாத நோரா அப்போது அழுதாள். சத்தம் போடாமல், அவர் காதோடு முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று. மீதி நாற்பது விநாடியும் அவர்கள் பேசவில்லை. பேச ஒன்றுமில்லாத நாட்களில் அவர்கள் சிக்னலில் அப்படித்தான் சும்மா நின்றிருக்கிறார்கள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் பிடித்துக்கொண்டது. தாஸ் சாவியைத் தொடவில்லை. திரும்பிப் பார்க்காமல், "அம்மா, இன்னொரு செவப்பு வேணும்னா சொல்லுங்க, நிக்கறேன்" என்றார். 

"வேணாம்பா. பின்னால இருக்கறவங்களுக்கு வேல இருக்கும்."

நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். டேரிலோடு சேர்ந்து மூடியைச் சரியாக வைத்தாள். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்ததும், கிளம்பலாம் என்பதற்கு அவர் தோளில் தட்டுவது போல, பெட்டியை இரண்டு முறை தட்டினாள்.

"மீதி அடுத்த சிக்னல்ல" என்றாள்.

இதுதான் கடைசி சிக்னல், இனி கல்லறைத் தோட்டம்தான் என்று சொல்ல டேரில் வாயெடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டுவிட்டான். தாஸ் இன்ஜினைக் கிளப்பினார்.