பாரந்தாங்கியைப் பற்றி இரண்டு கருத்துகள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. ஒரு சட்டையைப் போட்டுக் கழற்றினார், இன்னொன்றைப் போட்டார், பிறகு முதல் சட்டைக்கே திரும்பினார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டான். இத்தனைக்கும் அவர் போவது ஒரு காமிக்ஸ் கடைக்கு. அங்கே வருவதாக இருந்தவள் அவருடைய மருமகள். போன மாதம் வரைக்கும் மருமகள்.

மகனும் அவளும் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள். யார் மேலும் பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. இருவரும் நல்லவர்கள்தான், ஒரே கூரைக்குக் கீழே இருந்தால்தான் ஆகவில்லை. கூச்சல் போடாமல், பாத்திரம் உடைக்காமல், நாகரிகமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அந்த நாகரிகத்தில் ஒருவரும் மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு இதில் என்ன நஷ்டம் என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஸ்பானரைத் தேடி அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்தவள், அடியில் ஒளித்து வைத்திருந்த சூப்பர் ஹீரோ காமிக்ஸைக் கண்டெடுத்தாள். வேறு பெண்ணாக இருந்தால் சிரித்திருப்பாள். இவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த இதழ் சுத்தக் குப்பை மாமா, போன இதழே பரவாயில்ல" என்றாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். அன்று சாப்பாடு ஆறி, தட்டுகள் காய்ந்து, மனைவியும் மகனும் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போன பிறகும் சண்டை ஓயவில்லை. மெக்கானிக்குக்கு வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் அதற்கு முன் வாய்த்ததில்லை.

அதிலிருந்து மாதாமாதம் புது இதழ் வந்ததும் இருவரும் கடைக்குப் போவார்கள். ஒரே ஒரு பிரதி வாங்கி, பின்பக்க மேஜையில் விரித்து, சேர்ந்து படிப்பார்கள். அவள் படபடவென்று முடித்துவிட்டுப் பக்கத்தின் நுனியைப் பிடித்தபடி உச்சுக் கொட்டுவாள். அவர் வேண்டுமென்றே எழுத்துக் கூட்டிப் படிப்பார். முடித்ததும் சண்டை. அவருடைய ஆள் பாரந்தாங்கி. எதைத் தொட்டாலும் அதன் எடையைத் தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்கிறவன். அவளுடைய ஆள் அதே படையிலிருக்கும் ஊசிக்கண்ணி. எத்தனை தூரத்தில் இருப்பதையும் பார்த்துவிடுகிறவள். கடைக்காரர் இவர்களுக்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்றே பெயர் வைத்திருந்தார்.

இந்த மாத இதழ் வந்ததும், கூப்பிடலாமா கூடாதா என்று மெக்கானிக் கைப்பேசியை எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில், "புது இதழ் வந்திருக்கு. சனிக்கிழமை நான் கடைக்குப் போறேன்" என்று மொட்டையாக ஒரு செய்தி அனுப்பினார். "சரி" என்று பதில் வந்தது. வருகிறேன் என்ற சரியா, போய்த் தொலையுங்கள் என்ற சரியா என்று அவர் அதை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது மனைவி வாசல் வரை வந்து புத்தி சொன்னார்.

"அவ வந்தா வாயைக் கட்டிக்கிட்டு இருங்க. எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிக்காதீங்க. முன்ன நம்ம வீட்டுப் பொண்ணு, பொறுத்துக்கிட்டா. இனிமே அவளுக்கு என்ன தலையெழுத்தா? ஒரு தடவை மூஞ்சி சுளிச்சுட்டான்னா அப்புறம் வரவே மாட்டா."

மெக்கானிக் வழியெல்லாம், சண்டை போடக்கூடாது, சண்டை போடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அவள் வந்தாள். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. "ரொம்ப நேரமாச்சா மாமா?" என்று எப்போதும் போலத்தான் கேட்டாள். மெக்கானிக் சட்டென்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாம்மா, உக்காரும்மா. பஸ்ல கூட்டமா? காபி சொல்லட்டுமா? காத்தாடி போடச் சொல்லவா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். மேஜையில் அவர் குடித்துவிட்டு வைத்த காபி தம்ளருக்குப் பக்கத்தில் இரண்டு பிரதிகள் இருந்தன.

"ரெண்டு எதுக்கு?"

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம் பாரு."

ஆளுக்கொரு பிரதியை எடுத்து எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள், மருத்துவரின் அறை வாசலில் காத்திருக்கும் நோயாளிகள் போல.

இதழோ மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே எழுதப்பட்டிருந்தது. வண்டிகள் நெரிசலாக நிற்கும் பாலம் ஒன்று உடைகிறது. பாரந்தாங்கி அதன் பாரம் முழுவதையும் வாங்கிக்கொள்கிறான், அதுவும் ஒற்றை விரலால். லிஃப்ட் கூண்டு அந்தரத்தில் நிற்கும்போது கயிற்றைச் சரிசெய்தவருக்கு, ஒற்றை விரலில் எதுவும் நிற்காது என்று தெரியாதா? கடைசியில் அவனுடைய சக்தி மொத்தமும் போய்விடுகிறது. ஊசிக்கண்ணி தலைவியாகிறாள். மெக்கானிக்கின் நாக்கு நமநமவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இதழை மூடினார்.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கு."

"படம்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"ஒத்தை விரல்ல பாலத்தைப் பிடிக்கிறானே, அது?"

"கதைதானேம்மா."

அவள் கண்கள் சுருங்கின. கண்ணாடிக் கடையில் யாருக்காவது பார்வை சரியில்லை என்று சந்தேகம் வந்தால் அவள் இப்படித்தான் பார்ப்பாள். "பாரந்தாங்கி ஒதுங்கினது நல்லதுன்னு நினைக்கிறேன். வயசாச்சு" என்றாள்.

"ஆமா, ஆமா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மென்று முழுங்கினார். தன்னுடைய ஆளைத் தானே காட்டிக்கொடுத்தது அவருக்கு வலித்தது. போகட்டும், பாரந்தாங்கி போனால் போகிறான், இவள் இருந்தால் போதும்.

அவள் இதழை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

"அப்ப நான் கிளம்பறேன்."

"அதுக்குள்ளயா? சரி... உனக்கும் வேலை இருக்கும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் தப்பாகப் பேசவில்லையே, பிறகு ஏன் போகிறாள்? எது நடக்கக்கூடாது என்று பயந்தாரோ அதுவே கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

நாலடி போனவள் நின்றாள். திரும்பினாள்.

"போறதுக்கு முன்ன உண்மையைச் சொல்லிடறேன். உங்க பாரந்தாங்கி வீரனே இல்ல. வெறும் தள்ளுவண்டி. மூட்டையை ஏத்தினா நிப்பான், இறக்கினா போவான். இத்தனை வருஷம் அவனை ஹீரோன்னு நம்பினவங்களைச் சொல்லணும்."

"தள்ளுவண்டியா!"

மேஜையில் விழுந்த அடியில் காபி தம்ளர் துள்ளியது. அலமாரிகளுக்கு நடுவிலிருந்து நாலைந்து தலைகள் நீண்டன.

"யாரைப் பாத்து தள்ளுவண்டிங்கற? பாரம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? உள்ள ஆளுங்க கத்திக்கிட்டு இருக்கும்போது மேல கயிறைப் பிடிச்சிருக்கியா நீ? உன் ஊசிக்கண்ணி என்னத்தைக் கிழிச்சா? தூரமா நின்னுக்கிட்டு, 'அதோ பாலம் உடையுது, அதோ பாலம் உடையுது'ங்கறா. அதைப் பாலத்து மேல இருக்கறவனே சொல்லுவானே! இதுக்கு ஒரு தலைவி! நீயெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்ணத்தான் லாயக்கு, கதை படிக்க..."

அவர் பாதியில் நிறுத்தினார். முகம் வெளிறிவிட்டது. போயிற்று, எல்லாம் போயிற்று. அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

ஆனால் அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். கைப்பையைத் தொப்பென்று போட்டுவிட்டு, இந்த முறை அவருக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா? இவ்வளவு நேரமா யாரோ ஒருத்தர் எதிர்ல உக்காந்து, பஸ்ல கூட்டமா, காபி வேணுமான்னு கேட்டுக்கிட்டு இருந்தார். பயந்தே போயிட்டேன்."

மெக்கானிக் குனிந்து இதழின் ஓரத்தை நீவினார். "சண்டை போட்டா நீ இனிமே வரமாட்டியோன்னு... நீதான் இப்ப எங்க வீட்டுப் பொண்ணு இல்லையேம்மா."

"உங்க பையனைத்தான் மாமா விவாகரத்து பண்ணேன்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சியபடி. "உங்ககிட்ட நான் எந்தக் கையெழுத்தும் வாங்கலையே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, இதழைத் திறந்து பாலம் உடைகிற பக்கத்தைத் தட்டினார்.

"தள்ளுவண்டின்னு சொன்னதை முதல்ல வாபஸ் வாங்கு."

"முடியாது" என்றாள் அவள்.