ஆறு ஓடாத பள்ளத்தாக்கில் ஒரு வீடு

பேராசிரியரிடம் மணி கேட்டால் கடிகாரம் பிறந்த கதையிலிருந்து தொடங்குவார். அது தெரிந்தும், வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் அன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஆறே இல்லையே சார், அப்புறம் எப்படி இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு வந்துச்சு?"

ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியருக்கு இது கரும்பு தின்னக் கூலி. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இந்தச் சரிவெல்லாம் சாக்பீஸ் மாதிரியான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை; எவ்வளவு மழை பெய்தாலும் துளைகளிலும் விரிசல்களிலும் இறங்கிவிடும், மேலே ஓட ஒன்றும் மிஞ்சாது. பனியுகத்தில் அந்தத் துளைகளில் இருந்த நீர் உறைந்து பாறைக்குப் பூட்டுப் போட்டது. கோடையில் உருகிய பனி கீழே இறங்க வழியின்றி மேலேயே ஓடி, நிலத்தை அறுத்தது. பிறகு குளிர் விட்டது, பூட்டுத் திறந்தது, தண்ணீர் உள்ளே போய்விட்டது. பள்ளத்தாக்கு மட்டும், ஆள் எழுந்துபோன மெத்தையின் குழி போல அப்படியே கிடக்கிறது.

"பத்தாயிரம் வருஷமா இங்க ஆறு ஓடினதில்லம்மா," என்று முடித்தார், அத்தனை வருஷமும் அவரே கூட நின்று காவல் காத்தது போல.

"நர்ஸம்மா, என் நாடியைப் பாத்துட்டு அவர் நாடியையும் பாரும்மா," என்றாள் கட்டிலில் கிடந்த மனைவி. "பத்தாயிரம் வருஷமா மூச்சு விடாம பேசறாரு."

மூச்சு அவளுக்குத்தான் இல்லை. நுரையீரல் கெட்டு, டாக்டர்கள் கையை விரித்தாகிவிட்டது. கட்டிலருகே ஒரு இயந்திரம் அவளுக்கு ஆக்சிஜன் ஊட்டிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: இந்த அறையில், இந்த ஜன்னலோரம் கண்ணை மூட வேண்டும். "ஆஸ்பத்திரி டியூப்லைட்டைப் பாத்துக்கிட்டே என்னைச் சாக விட்றாதீங்க." சரி என்றிருந்தார். அவர் வாழ்நாளில் அவ்வளவு சுருக்கமாக வாக்குக் கொடுத்ததில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வாரக்கணக்கில் விடவில்லை. பேராசிரியர் மணல் மூட்டை வரவழைத்து, தார்ப்பாய் சுற்றி, இடுக்கெல்லாம் களிமண் அப்பி, வாசலில் தொடை உயரத்துக்கு அடுக்கினார். சரிவிலிருந்து வழிகிற தண்ணீர் உள்ளே வரக்கூடாதாம். இந்தப் பாறையில் மழை மேலே வழியாது என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவர்!

"வாசல்ல எதுக்குங்க மூட்டை? சத்தம் கட்டிலுக்கு அடியிலதானே கேக்குது."

"அது குழாய்ம்மா."

"குழாய் இப்படிச் சிரிக்காதுங்க."

பாறை நிறைந்துவிட்டால் நிலத்தடி நீர் தரைக்கே ஏறிவரும் என்பது அவருக்குத் தெரியாததா? அதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தார். ஆனால் அவருடைய பாடங்களில் தண்ணீர் எப்போதும் அடுத்தவன் வீட்டில்தான் ஏறும்.

ஒருநாள் காலையில் அவருடைய செருப்பு கட்டிலை நோக்கி மிதந்து வந்தது. தரை விரிசல்களில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. சேறில்லை, கலங்கலில்லை, கண்ணாடி மாதிரி.

"உங்க ஆறு வந்துடுச்சுங்க," என்று அவள் கையைத் தொங்கவிட்டு அளைந்தாள். "எவ்வளவு சில்லுன்னு இருக்கு!"

நர்ஸ் வந்தபோது தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தொட்டிருந்தது. "பிளக்குக்கு இன்னும் நாலு விரல்தான் சார் இருக்கு. மெஷின் நின்னா அவ்வளவுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தலாம் என்றார் அவர். பிளக்கை எப்படி உயர்த்துவது என்று கேட்டாள் நர்ஸ்.

ஸ்ட்ரெச்சர் மூட்டைகளுக்கு மேலாகத் தாண்டியபோது, "பாத்துப்பா, இடறிக்காதீங்க. ஐயா கட்டின அணை," என்றாள் மனைவி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டாள்: "தண்ணி வடிஞ்சுதா?"

"வடிஞ்சுடுச்சு. நாளைக்குப் போயிடலாம்."

"இவ்வளவு சுருக்கமா சொல்றீங்களே. அப்ப பொய்தான்."

அன்று மாலை போய்விட்டாள். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

காரியங்கள் முடிந்து, கட்டிலை வெளியே எடுக்க வீட்டுக்கு வந்தார். மழை விட்டிருந்தது. அறைக்குள் இன்னும் முழங்கால் தண்ணீர். வெளியே பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு புது ஓடை, வாசற்படிக்கு வெகு கீழே, யார் வம்புக்கும் போகாமல் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் போக வழி வேண்டுமே என்று மூட்டைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினார். மேல் வரிசைகள் போனதும் தண்ணீர் வழியத் தொடங்கியது; கடைசி வரிசையில் ஒன்று நகர்ந்ததும், அறையிலிருந்த தண்ணீரெல்லாம் அவர் கால்களை இடித்துக்கொண்டு வாசல் வழியே பாய்ந்து, படியிறங்கி, ஓடையில் சேர்ந்தது.

திரும்பிப் பார்த்தார். விரிசல்கள் இன்னும் குமிழியிட்டுக்கொண்டுதான் இருந்தன. வருகிற தண்ணீர் வந்தபடியே வெளியேறியது. தரையில் ஒரு விரல் ஆழம்கூட இல்லை. கட்டில் கால்களின் நுனி மட்டும் நனைந்தது. பிளக் எங்கோ உயரத்தில் இருந்தது.

இயந்திரத்தை எடுத்துப்போக வந்த நர்ஸ் வாசலில் நின்றாள்.

"அட! எப்படி சார் இவ்வளவு சீக்கிரம் வடிஞ்சுது?"

பேராசிரியர் வாயைத் திறந்தார். அவள் காத்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, குனிந்து, இனி யாருக்கும் தடையாக இல்லாத அடுத்த மூட்டையை இழுக்கத் தொடங்கினார்.