ஆற்றுக்கு வந்த விக்கல்

ஆற்றோர அளவுகல்லில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. அவள் குனிந்து உற்றுப் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆற்றுக்கு நடுவே மணல்திட்டில் அவள் கணவனும் மாமியாரும் ஊர்க்காரர்களும் வெள்ளரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

அணை மேலே, பக்கத்து நாட்டில் இருந்தது. மதகைத் திறக்குமுன் அங்கிருந்து போன் வரும். நீர்மட்டம் பார்க்கும் அவள் உடனே அபாயச் சங்கை ஒலிக்கவிடுவாள்; ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேறுவார்கள். போனில் பேசும், முகமே பார்த்திராத அந்த மதகுக்காரர் அவளுக்கு அண்ணன் ஆகிப்போனார். எல்லையில் சண்டை மூண்ட பிறகு இரண்டு அரசாங்கங்களும் ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம், அந்தப் போன் கம்பியைத் துண்டித்ததுதான்.

தண்ணீர் மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது.

போன வருஷம் மதகைப் பழுதுபார்த்த அன்று ஆறு இப்படித்தான் செய்தது. "என்ன அண்ணே, ஆத்துக்கு விக்கல் எடுக்குது?" என்று போனில் கேட்டாள். "யாராவது நினைச்சாத்தானே விக்கல் வரும் தங்கச்சி? நான்தான் உங்களை நினைச்சேன்" என்று இருமல் வரும்வரை சிரித்தார்.

மூன்றாம் முறையும் ஒரே அளவாக ஏறி, இறங்கியது. அண்ணன்தான் மதகை ஏற்றி இறக்கிச் சேதி சொல்கிறாரா? இதுவும் வெறும் பழுதாக இருந்துவிட்டால்? அந்த நாட்டுக்காரனை நம்பிச் சங்கு ஊதினாள் என்றால் வேலை போகும், ஊர் காறித் துப்பும். 'கடவுளே, நான் தப்பாப் புரிஞ்சிருந்தா என்னை மட்டும் அவமானப்படுத்து' என்று வேண்டிக்கொண்டு சங்கின் விசையை அழுத்தினாள். பிறகு மணலில் இறங்கி ஓடினாள்.

"வெயில்ல இவளுக்கு மூளை உருகிடுச்சா? பாதிக் காய் கொடியிலயே கிடக்கு!" என்றாள் மாமியார்.

"யாரு சொன்னா?" என்று கேட்டான் கணவன்.

"அண்ணன் சொன்னாரு."

"போன்தான் செத்துக் கிடக்கே!"

"ஆத்துலயே சொல்லிட்டாரு. சண்டையை மேல போய் வச்சுக்கலாம். முதல்ல அத்தையைக் கையைப் பிடிச்சு ஏத்துங்க!"

முணுமுணுத்தபடி எல்லோரும் கரையேறினார்கள். ஆறு சும்மா கிடந்தது. நேரம் போகப்போக, கூடைகளைப் போட்டுவிட்டு வந்தவர்கள் அவளை முறைத்தார்கள். மாமியார் மட்டும் மடியிலிருந்த வெள்ளரிக்காயை ஒடித்து, பெரிய துண்டை அவள் கையில் திணித்தாள். "தின்னு. உதடு வெளுத்துப்போய்க் கிடக்கு."

கடிக்க வாய் திறந்தவள் அளவுகல்லைப் பார்த்து அப்படியே நின்றாள். எப்போதும் ஓடும் மெல்லிய ஓட்டமும் நின்று போயிருந்தது. அண்ணன் எல்லா மதகுகளையும் இறுக மூடிவிட்டார். இவர்கள் ஏறுவதற்காகக் காத்திருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் அணை நிரம்பிக்கொண்டிருக்கும். திற, திற என்று யாரோ கத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று அவருக்கு யார் சொல்வது?

அறைக்குள் ஓடி, தூசி படிந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணே, எல்லாரும் ஏறிட்டோம். அத்தைகூட ஏறிட்டாங்க. நீங்க திறந்துடுங்க."

ஜன்னலுக்கு வெளியே, அணைப் பக்கமாக ஆற்றின் வளைவில் நின்றிருந்த கொக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின.