ரெக்சன் தேர்ந்தெடுத்த டயர்

எமில்டா எண்ணெய்க் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். வருடத்தில் எட்டு மாதம் கடலில், நாலு மாதம் தூத்துக்குடியில். அவள் கணவன் ரெக்சன், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தில் மேனேஜர். எந்தச் சரக்குக்கு எந்தப் படிவம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். கார் விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது, அதற்கு அவ்வப்போது பெட்ரோல் போட வேண்டும் என்பதுதான்.

செப்டம்பரில் விடுமுறைக்கு வந்ததும் எமில்டா ஒரு கார் வாங்கினாள். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, இன்ஜின் முதுகுக்குப் பின்னால். ஜெர்மனியில் செய்தது. கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் வாங்கி, ஓட்டப் பயந்து, உறை போட்டு மூடியே வைத்திருந்தது. பதினைந்து வருடமாக மனதில் வைத்திருந்த வண்டி. போய்ப் பார்த்து, அடியில் படுத்துப் பார்த்து, வாங்கி, அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கையில் ரெக்சன் விருதுநகரிலிருந்து தூங்கிக்கொண்டு வந்தான். ஆனால் வண்டி தெருவுக்குள் நுழைந்த அன்றைக்கே அது ரெக்சன் கார் ஆகிவிட்டது. தெருவில் யாரும் வேறு மாதிரி சொல்லிக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் எமில்டா குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தாள்.

"முப்பத்து நாலு, பதினேழு. ரெண்டாயிரத்துப் பதினேழாம் வருசம் முப்பத்து நாலாவது வாரம் செஞ்சது. பட்டன் வெட்டெல்லாம் தேயாம அப்படியே இருக்கு. ஆனா ரப்பரு செத்துப்போச்சு. இங்கன பாருங்க, வெடிப்பு."

ரெக்சன் குனிந்து பார்த்து, "ஆமா" என்றான். அவனுக்கு எல்லா டயரும் கறுப்பாகத்தான் தெரிந்தது.

பாளையங்கோட்டை ரோட்டில் வேல்ராஜ் அண்ணாச்சியின் டயர் கடை. இருவரும் போனார்கள். எமில்டாதான் ஓட்டினாள், எமில்டாதான் முதலில் இறங்கினாள். அண்ணாச்சி அவளைத் தாண்டி வந்து ரெக்சனுக்குக் கை கொடுத்தார்.

"அண்ணாச்சி, முன்னாடி இருநூத்து முப்பத்தஞ்சு, பின்னாடி இருநூத்து அறுபத்தஞ்சு, பதினெட்டு இன்ச் ரிம்மு" என்றாள் எமில்டா. "நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடலா வேணும். ஈர ரோட்டுல பிடிப்பு நல்லா இருக்கணும். மழ சீசன் வருதுல்லா."

வேல்ராஜ் அண்ணாச்சி மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ரெக்சன் பக்கம் திரும்பினார்.

"சார் மழைக்குத் தோதான டயரா பாக்கீங்களோ?"

"ஆமா அண்ணாச்சி."

"முன்னாடி என்ன சைஸு சார்?"

ரெக்சன் மனைவியைப் பார்த்தான். அவள் மறுபடி சொன்னாள். அண்ணாச்சி எழுதிக்கொண்டு, எழுதியதை ரெக்சனிடம் வாசித்துக் காட்டினார். "கரெக்ட்டா சார்?"

"கரெக்ட்" என்றான் ரெக்சன்.

கப்பலில் எமில்டாவுக்குக் கீழே ஒன்பது ஆண்கள். அவள் வால்வை மூடச் சொன்னால் வால்வு மூடும். இங்கே அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் பக்கத்து ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்ட்ட ஒரு வார்த்தை பேசல பாத்தீங்களா?" என்றாள், வண்டியில் ஏறியதும்.

"பழைய ஆளுல்லா. பொம்பளைங்க மூஞ்சியப் பாத்துப் பேசக் கூச்சப்படுதாரு."

"கல்லாவுல இருந்தது யாரு? அவரு சம்சாரம்தான? அவளட்ட மட்டும் மூச்சுவிடாமப் பேசுதாரு."

'சார்' என்ற அந்தச் சொல் ரெக்சன் காதுக்குள் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது. இருபது வருடமாகக் கண்டெய்னர்களுக்குப் படிவம் நிரப்புகிறவனை யாரும் அவ்வளவு மரியாதையாகச் சைஸ் கேட்டதில்லை.

அன்று முதல் ரெக்சன் வீடியோ பார்க்கத் தொடங்கினான். சாப்பிடும்போது டயர், குளிக்கப் போகுமுன் டயர். மாதா கோவிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆண்கள் கூடி நிற்கும் இடத்தில் அவன் 'காம்பவுண்ட்' என்றும் 'சைட்வால்' என்றும் பேச ஆரம்பித்தான். கேட்டவர்களுக்குப் புரியவில்லை, ஆகவே நம்பினார்கள்.

அவர்களில் பெரியவர் பாஸ்கல். முத்தையாபுரத்தில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கிறார். எதைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருப்பவர், அதற்கு அந்தப் பொருளைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது.

"ஏலே ரெக்சன், இது ரேஸு வண்டி. ரேஸு வண்டிக்கு ரேஸு டயருதான் போடணும். மழைக்கு டயரு போடணும்னா ஆட்டோ வாங்கியிருக்க வேண்டியதுதான."

சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். ரெக்சனும் சிரித்தான். ஆனால் அது அவனைத் தைத்தது.

அக்டோபர் கடைசியில் எமில்டா ஐந்து நாள் பயிற்சிக்காக மும்பை போனாள். கப்பல் வேலையில் இருப்பவர்கள் தீயணைப்புப் பயிற்சியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். போகுமுன் தனக்கு வேண்டிய டயரின் பெயர், அளவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தன் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, அண்ணாச்சியிடம் நேரில் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அண்ணாச்சி அந்தத் தாளைப் பத்திரமாக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் ரெக்சனுக்குப் போன் செய்தார்.

"சார், நீங்க கேட்ட மாடலு வர இன்னும் பத்து நாளு ஆகும். ஆனா அதே சைஸுல வேற ஒரு செட்டு வந்திருக்கு. ரேஸு மைதானத்துல ஓட்டுறது. ரோட்டுலயும் ஓட்டலாம். வெயிலுக்கு அருமையா இருக்கும். போட்டோ அனுப்புதேன், பாருங்க."

போட்டோ வந்தது. நடுவில் இரண்டே இரண்டு கோடு, மற்றபடி வழவழவென்று, எண்ணெய் தடவிய பயில்வான் புஜம் போல இருந்தது. ரெக்சன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். வாட்ஸப் குழுவில் போட்டான். பதினேழு கட்டைவிரல்கள் உயர்ந்தன. பதினேழு பேரில் பதினாறு பேர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள். பாஸ்கல், 'இதுதாம்ல டயரு' என்று எழுதினார்.

எமில்டாவைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. போனைக் கையில் எடுத்தான். அவள் பயிற்சியில் இருப்பாள் என்று நினைத்து வைத்துவிட்டான். அண்ணாச்சிக்குப் போன் செய்தபோது, "அதையே மாட்டிருங்க" என்று சொன்ன தன் குரல் அவனுக்கே பிடித்திருந்தது.

வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கிய எமில்டா, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராகக் காரிடம் போனாள். டயர்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"இதுல தண்ணி எங்கன வழியா வெளிய போகும்?"

"ரெண்டு கோடு இருக்குல்லா."

"ரெண்டு கோடு பத்தாது. ரோட்டுல தண்ணி நின்னா வண்டி மிதக்கும். ஸ்டியரிங் சும்மா சுத்தும்."

"மிதக்கதுக்கு இது வள்ளமா? நம்ம காருல்லா. அண்ணாச்சியும் சொன்னாரு, பாஸ்கல் அண்ணனும் சொன்னாரு. வாட்ஸப்புல பதினேழு பேரு கட்டைவிரல் காட்டியிருக்காவ."

"பாஸ்கல் அண்ணன் சொன்னாரு" என்றாள் எமில்டா மெதுவாக. "அண்ணாச்சி சொன்னாரு. வாட்ஸப்புல பதினேழு பேரு சொன்னாவ. என் காரு. என்ட்டக் கேக்கணும்னு ஒருத்தருக்குமே தோணல."

ரெக்சன் தரையைப் பார்த்தான். அவள் மதுரையில் ஒரு டீலருக்குத் தானே போன் செய்து, தனக்கு வேண்டிய டயரைச் சொன்னாள். மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் மழையில வண்டிய வெளிய எடுக்கக் கூடாது" என்றாள். ரெக்சன் சரி என்றான். அதற்கு முந்தின ஞாயிறே, பாஸ்கல் மகன் ரோச்சின் கலியாணத்துக்கு மாப்பிள்ளையைக் கோவிலுக்கு அழைத்துப்போக இந்தக் காரைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்ததை அவன் சொல்லவில்லை.

கலியாணம் நவம்பர் நடுவில். முந்தின நாளெல்லாம் கொட்டிய மழை அன்று விடிகாலையில் விட்டிருந்தது. எமில்டா உள்ளே சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் இன்ஜின் உறுமியது. ஓடி வந்து பார்த்தாள். கார் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

வீட்டிலிருந்த பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு முத்தையாபுரத்துக்குப் போனாள். பாஸ்கல் வீட்டு முன்னால் ரோச் கோட்டுப் போட்டு, சட்டைப்பையில் ரோஜா குத்தி, சிவப்புக் காருக்குள் உட்கார்ந்திருந்தான். வீடியோக்காரர் குனிந்து குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். எமில்டா ரெக்சன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"இறங்குங்க. ரோச்சு, நீ என் வண்டியில வா."

"மழ விட்டுட்டுல்லா" என்றான் ரெக்சன்.

"ரோட்டுல தண்ணி விடலயே. இல்லன்னா தள்ளுங்க, நான் மெதுவா ஓட்டுதேன்."

பாஸ்கல் குறுக்கே வந்தார். "என்ன தங்கச்சி, நல்ல காரியத்துக்குப் போகும்போது. பொம்பள ஓட்டி மாப்பிள்ளை வந்து இறங்குனா வீடியோவுல பாக்க நல்லாவா இருக்கும்? டயரப் பத்தி ரெக்சனுக்குத் தெரியாததா?"

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோச் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தான். ரெக்சன் ஸ்டியரிங்கை விடுவதாக இல்லை.

"நாப்பதுக்கு மேல போகாதீங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, அவள் தன் காரில் ஏறி அவர்களுக்குப் பின்னாலேயே போனாள்.

ரெக்சன் முப்பத்தைந்தில்தான் போனான். உப்பளங்களுக்கு நடுவே சாலை நேராகும் இடத்தில், முன்னால் பைக்கில் திரும்பி உட்கார்ந்து படம்பிடித்த வீடியோக்காரர், இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று கையால் காட்டினார். ரோச்சும், "கொஞ்சம் மிதிங்க சித்தப்பா" என்றான். ரெக்சன் மிதித்தான். எழுபது தொட்டது.

சாலையில் கண்ணாடி விரித்தது போல ஒரு விரற்கடைத் தண்ணீர் நின்றது. அதில் ஏறியதும் ஸ்டியரிங் ரெக்சன் கையில் கனம் இழந்தது. திருப்பினான், ஒன்றும் நடக்கவில்லை. பின்பக்கம் முன்பக்கத்தைத் தாண்டிப் போக முயன்றது. கார் அவசரமே இல்லாமல், மாப்பிள்ளையை ஊருக்கெல்லாம் காட்டுவது போல ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகச் சாலையை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பைத் தாண்டிச் சேற்றில் உட்கார்ந்தது.

எமில்டா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். முதலில் இன்ஜினை அணைத்தாள்.

"கழுத்து வலிக்கா? காலு அசையுதா? ரெண்டு பேரும் அசைச்சுக் காட்டுங்க."

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரோச், "வீடியோவுல விழுந்திருக்குமா சித்தி?" என்று கேட்டான். ரெக்சன் இன்னும் ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான். எமில்டா அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு மாப்பிள்ளையைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

ரெக்சன் வண்டிக்குக் காவலாக நின்றான். உப்பு அம்பாரங்களுக்குத் தார்ப்பாய் கட்ட வந்திருந்த இரண்டு பெண்கள் கிட்டே வந்து பார்த்தார்கள். மூத்தவள், செல்லக்கிளி, குனிந்து டயரைத் தொட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, டயரு இப்படி வழுவழுன்னு தேயுத வரைக்குமா ஓட்டுவீக? காலாகாலத்துல மாத்தப்படாதா?"

"புதுசு" என்றான் ரெக்சன்.

செல்லக்கிளி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பாவம், யாரோ ஏமாத்திட்டானுவ" என்று பக்கத்தவளிடம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வேல்ராஜ் அண்ணாச்சி கலியாணத்துக்கு வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு வண்டி தூக்கும் லாரியோடு வந்தார். சேற்றைச் சுற்றி வந்து பார்த்தார். "நாந்தான் அன்னைக்கே சொன்னனே சார்" என்றார். "வெயிலுக்கு அருமையான டயரு."

மதுரை டயர் வந்தபோது வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கடைக்காரர் எமில்டாவிடம் மூன்று கேள்வி கேட்டார்: எந்த மாதம் ஓட்டுவீங்க, எந்த ரோடு, எவ்வளவு வேகம். பதில்களையும் அவளிடமே வாங்கிக்கொண்டார். ரெக்சன் பிளாஸ்டிக் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். யாரும் அவனைச் 'சார்' என்று கூப்பிடவில்லை. வருத்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். நிம்மதியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது கோவில்பட்டிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. எமில்டா எண்பதில் ஓட்டினாள். சாலையில் தண்ணீர் ஓடியது, வண்டி கோடு போட்டது போல நேராகப் போனது. ரெக்சன் அவள் பக்கம் திரும்பினான்.

"நான் கேட்டிருக்கணும்."

"யாரட்ட?"

"உன்ட்ட."

"ம்" என்றாள் எமில்டா. ஆனால் பாட்டுப் போட்டாள்.

ஜனவரியில் அவள் கப்பலேறினாள். அந்த மாதமே பாஸ்கல் தன் ஜீப்புக்கு டயர் மாற்ற வேண்டுமென்று ரெக்சனை வேல்ராஜ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உப்பளத்துச் சம்பவத்தால் ரெக்சனின் பெயர் கெடவில்லை. அவ்வளவு பெரிய சுற்றில் மாப்பிள்ளைக்குக் கீறல்கூட விழாமல் காப்பாற்றியவன் என்று அது ஊரில் வேறு மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நம்ம ரோட்டுக்கு ஈரத்துல பிடிக்கிற டயருதான் போடணும் அண்ணே" என்றான் ரெக்சன். "கோடு ஆழமா இருக்கணும். செஞ்ச வருசத்தப் பாத்து வாங்கணும். எல்லாம் எமில்டா சொன்னது."

பாஸ்கல் தலையாட்டினார். அண்ணாச்சியும் தலையாட்டினார்.

"அவ சொல்லது இருக்கட்டும்ல" என்றார் பாஸ்கல். "நீ என்ன சொல்லுத?"

"அதையேதான் சொல்லுதேன்."

"அப்ப சரி" என்றார் பாஸ்கல். அண்ணாச்சி பேனாவை எடுத்தார்.